கணனிப் பென்சிலும் அச்சுக்கோப்பாளரின் கையும்: பொழுதுபோக்குக் கணனி நிரல்களில் எழுத்தமைப்பும் அச்சும் புகுந்த வரலாறு

இலக்கிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நூல்களையும் ஆசிரியர்களையும் பற்றியே பேசுவர். காலப் பின்னணியைச் சேர்த்து நோக்குவோரும் உளர். ஆயின் எழுத்து எவ்வாறு பிரதியாகிறது, அப்பிரதியை ஆக்கும் கருவி யாருக்குச் சொந்தமாயுள்ளது, அதனை இயக்கும் திறன் எவரிடம் தங்கியுள்ளது என்னும் வினாக்கள் அடிக்குறிப்புக்குரியனவாகவே கருதப்பட்டு வந்துள்ளன. வால்ரர் பெஞ்சமின் 1934 இல் எழுதிய ‘உற்பத்தியாளனாக ஆசிரியன்’ என்னும் உரையில், ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி யாது கூறுகிறது என்று கேட்பதற்கு முன்னர், அவ்வுறவுகளினுள்ளே அது எங்கு நிற்கிறது என்று கேட்கவேண்டும் என வற்புறுத்தினார். அவ்வினாவைப் பத்திரிகைக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் பொருத்திப் பார்த்த முற்போக்கு விமர்சகர்கள், எழுதுகருவியின் அண்மைக்கால வரலாற்றுக்குப் பொருத்திப் பார்த்தமை குறைவு.

இக்கட்டுரை அவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியை மாத்திரம் எடுத்துக்கொள்கிறது. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, பெரு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வெளியே, தம் வீட்டு மேசைகளிற் கணனிகளைத் தாமே பொருத்தி இயக்கிய ஆர்வலர் சிலர், தமது நிரல்களிலே எழுத்தமைப்பையும் அச்சிடும் வசதியையும் சேர்க்க முற்பட்டனர். நிகழ்ந்தபோது சிறியதாகத் தோன்றிய அம்முயற்சி, தட்டெழுத்தாளர், அச்சுக்கோப்பாளர், ஆசிரியர் என்னும் மூவருக்கிடையே ஏறத்தாழ நூறாண்டாக நிலவிய வேலைப் பிரிவினையைக் குலைத்தது. அது விடுதலையா, அன்றித் திறன் பறிப்பா என்பதே நம்முன் உள்ள பிரச்சினை. இவ்விரண்டில் ஒன்றை மட்டுந் தெரிவது எளிது. ஆயின் வரலாறு அவ்வெளிமைக்கு இடந்தரவில்லை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆய்வுகூடத்து முன்வரலாறு

கணனி தோன்றியது கணக்கிடுதற்கே. அதனைக்கொண்டு கடிதமும் கட்டுரையும் எழுதலாம் என்ற எண்ணம் தொடக்கத்திற் சற்று வேடிக்கையானதாகவே கருதப்பட்டது. மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு 1961 இல் அன்பளிப்பாகக் கிடைத்த பி.டி.பி-1 என்னும் கணனியிலே ஸ்ரீவ் பைனர், பீற்றர் டொயிச் முதலியோர் ஆக்கிய எழுத்துத் திருத்தும் நிரலொன்று ‘விலையுயர்ந்த தட்டச்சுப் பொறி’ என்றே பெயர் பெற்றது. ஏறத்தாழ 1,20,000 டொலர் விலையுடைய பொறியொன்று, சில நூறு டொலர் பெறுமதியான பொறியொன்றின் வேலையைச் செய்கிறது என்ற ஏளனம் அப்பெயரிலேயே பொதிந்திருந்தது. 1963 இல் அதே கணனிக்கென பீற்றர் சாம்சன் ஆக்கிய ரி.ஜே-2 என்னும் நிரல், வரிகளின் வலது ஓரத்தையும் ஒழுங்குபடுத்தி அச்சிட்டது. அச்சுக்கோப்பாளர் சொற்களுக்கிடையே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகி வரியை நிறைக்கும் வேலை, சில கூட்டல் கழித்தல்களாக மாறியது.

இதனினும் முக்கியமானது 1964 இல் ஜெரோம் சோல்ற்ஸர் ஆக்கிய ‘றன்ஓவ்’ என்னும் நிரல். தமது கலாநிதிப்பட்ட ஆய்வேட்டை எழுதும் தேவையே அவரை இம்முயற்சிக்குத் தூண்டியது. பிரதிகளை ‘ஓட்டி எடுத்தல்’ என்ற அலுவலக வழக்கிலிருந்து வந்தது அதன் பெயர். அதன் முறை எளிமையானது: எழுதுபவர் தம் வசனங்களை எழுதிச் செல்வார், இடையிடையே, வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளியிட்டு, ‘இங்கு புதுப்பக்கம்’, ‘இவ்வரி நடுவில்’, ‘இத்தனை வரி இடைவெளி’ எனப் பொருள்படும் சுருக்கக் கட்டளைகளை எழுதுவார். புள்ளியுடன் தொடங்கும் வரி அச்சிற் தோன்றாது. அடுத்து வருவது எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை அது பொறிக்குச் சொல்லும்.

இப்புள்ளிக் கட்டளைகளின் சமூகப் பொருளை நாம் கூர்ந்து நோக்குதல் தகும். அச்சகங்களில் நெடுங்காலமாக வழங்கிய முறை யாதெனில், ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியின் ஓரத்திலே பதிப்பாளர் குறிகளை இடுவார். அக்குறிகளைப் படித்து அச்சுக்கோப்பாளர் எழுத்தை அடுக்குவார் என்பதாகும். குறி ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு விடுக்கும் செய்தி. அதனைப் பெறுபவர் அறிவுடையவர். தவறான குறியைக் கண்டால் திருத்துவார், வேண்டின் மறுப்பார். புள்ளிக் கட்டளையோ ஆசிரியர் பொறிக்கு விடுப்பது. பெறுபவர் இருந்த இடத்திலே, அவருடைய திறனின் சுருக்கம் நிரலாக அமர்ந்திருக்கிறது. வாழும் உழைப்பு இறந்த உழைப்பாகப் பொறியினுள்ளே திரள்கிறது என்று மார்க்ஸ் விளக்கியதற்கு இதனிலுந் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பதரிது.

றன்ஓவ் நிரலின் வழிவந்த ‘றொஃவ்’, பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வளர்ச்சிக்கே ஊன்றுகோலாயிற்று. அங்கு புதிய கணனியொன்றை வாங்குவதற்கு எழுத்தமைப்புப் பணியே நியாயமாக முன்வைக்கப்பட்டது. 1971 இல் அவ்வாய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவின் தட்டெழுத்தாளர்களே யுனிக்ஸின் முதற் பயனாளராயினர். ஜோ ஒஸானா 1973 அளவில் ஆக்கிய ‘ற்றொஃவ்’ ஒளியச்சுக்கோப்புப் பொறியையே இயக்கியது. ஆயின் இவையாவும் பெரு மூலதனத்தினதும் அரசினதும் பணத்தில் நடந்தவை. கருவி தனிமனிதர் கைக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

2. பொழுதுபோக்குக் கணனியாளர்

1975 சனவரியில் ‘பொப்பியுலர் எலெக்ற்றோனிக்ஸ்’ சஞ்சிகையின் அட்டையில் அல்ரெயர் 8800 என்னும் கணனி தோன்றியது. நியூ மெக்சிக்கோவின் அல்புகேர்க்கி நகரிலிருந்த மிற்ஸ் நிறுவனம் அதனை உதிரிகளாக ஏறத்தாழ 400 டொலருக்கு விற்றது. வாங்கியவர் தாமே பற்றாசு வைத்துப் பொருத்தவேண்டும். முன்பக்கத்தில் ஆளிகளும் சிறு விளக்குகளும் இருந்தன. விசைப்பலகை இல்லை; திரை இல்லை; அச்சுப்பொறி இல்லை. நினைவகம் 256 பைற்றுகள். ஒரு வெண்பாவைச் சேமித்து வைப்பதற்கே அது போதுமோ என்பது ஐயம்.

அதே ஆண்டு மார்ச் 5 ஆந் திகதி கலிபோர்ணியாவின் மென்லோ பார்க்கில், கோர்டன் பிறெஞ்ச் என்பவரின் வாகனக் கொட்டகையில் ‘ஹோம்புறூ’ கணனிக் கழகத்தின் முதற் கூட்டம் நடைபெற்றது. இவ்வியக்கத்தின் சமூக அடித்தளத்தைப் புரிந்துகொள்ளாது அதன் நிரல்களைப் புரிந்துகொள்ள முடியாது. கழகத்தின் கூட்டங்களைப் பின்னர் நெறிப்படுத்திய லீ பெல்சன்ஸ்ரைன், 1964 இல் பேர்க்லி மாணவரின் பேச்சுரிமை இயக்கத்திற் பங்கெடுத்தவர். 1973 இல் அவரும் தோழரும் பேர்க்லியின் இசைத்தட்டுக் கடையொன்றின் வாயிலிலே, தொலைவிலிருந்த கணனியுடன் இணைக்கப்பட்ட தட்டச்சு முனையமொன்றை வைத்து, எவரும் செய்தி எழுதவும் வாசிக்கவும் வழிசெய்தனர். ‘சமூக ஞாபகம்’ என்பது அம்முயற்சியின் பெயர். பொப் அல்பிறெக்ற் 1972 இல் தொடங்கிய ‘மக்கள் கணனிக் கம்பனி’ என்னும் செய்தி ஏடும் இதே சூழலின் விளைவே. போர் எதிர்ப்பும் நிறுவன எதிர்ப்பும் தொழில்நுட்ப ஆர்வத்துடன் கலந்த குட்டி பூர்ஷுவாப் பொறியியலாளர் பண்பாடு அது. அதன் பலமும் பலவீனமும் அக்கலப்பிலேயே இருந்தன.

இவ்வார்வலர்க்கு எழுத்தென்பது பெரும் பிரச்சினையாயிற்று. பழைய பொருட் சந்தையில் வாங்கக்கூடியதாயிருந்த ரெலிரைப் 33 என்னும் பொறி செக்கனுக்குப் பத்து எழுத்துகளை, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மாத்திரம், தாளிற் தட்டியது. 1973 செப்ரெம்பரில் டொன் லங்காஸ்ரர் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட ‘தொலைக்காட்சித் தட்டச்சுப் பொறி’யின் வரைபடம், வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் எழுத்தைக் காட்டும் வழியைத் திறந்தது. பின்னர் பெல்சன்ஸ்ரைன் வடிவமைத்த காட்சிப் பலகை 64 எழுத்து அகலத்தில் 16 வரிகளைத் திரையிற் காட்டியது. எழுதியதைத் திரையிற் கண்டு திருத்தும் நிலை இவ்வாறு தோன்றியது. ஆயின் திரையில் உள்ளது எழுத்தின் நிழலே. அது தாளில் இறங்கும்வரை பிறருக்கு அனுப்பத்தக்க பிரதி ஆகாது.

3. ‘எலெக்ற்றிக் பென்சில்’

மைக்கல் ஷ்ரேயர் திரைப்படத் துறையில் வேலை செய்துவிட்டுக் கலிபோர்ணியாவிற் குடியேறியவர். அல்ரெயர் கணனியை வாங்கிய அவர், தென் கலிபோர்ணியக் கணனிச் சங்கம் உறுப்பினரிடையே விநியோகித்த நிரற்றொகுதியொன்றைத் திருத்தி மேம்படுத்தினார். பிறர் அதனை விரும்பி வாங்கினர். கைந்நூலொன்று எழுதவேண்டி வந்தது. கணனிக்கான நிரலின் விளக்கத்தைச் சாதாரணத் தட்டச்சுப் பொறியிலே திரும்பத் திரும்ப அடிப்பதன் அபத்தம் அவருக்கு உறைத்தது. அக்கணனியிலேயே ஏன் எழுதக்கூடாது என்ற வினாவின் விடையே 1976 டிசெம்பரில் வெளிவந்த ‘எலெக்ற்றிக் பென்சில்’. வீட்டுக் கணனிகளுக்கென எழுந்த சொற்செயலிகளில் முதலாவது அதுவே எனக் கருதப்படுகிறது.

சோல்ற்ஸரின் தேவை ஆய்வேடு. ஷ்ரேயரின் தேவை கைந்நூல். இருவருமே எழுத்தைத் தட்டெழுத்தாளரிடங் கொடுக்காது தாமே முடிக்க விரும்பியவர்கள் என்பது மனங்கொளத்தக்கது. ‘பென்சில்’ வரி நிறைந்ததும் சொல்லைத் தானாகவே அடுத்த வரிக்குத் தள்ளியது. வரி நீளம், பக்க எண், தலைப்பு முதலியவற்றை அமைக்க இடந்தந்தது. வலது ஓரத்தைச் சமப்படுத்தியது.

எழுதுவதற்கான பகுதியை ஒருமுறை ஆக்கினாற் போதுமாயிருந்தது. அச்சிடும் பகுதியோ அவ்வாறன்று. ஒவ்வொருவர் வீட்டிலும் வெவ்வேறு பொறி இருந்தது: ஒருவரிடம் பழைய ரெலிரைப், இன்னொருவரிடம் அலுவலகத்திற் கழிக்கப்பட்ட ஐ.பி.எம். செலெக்ற்றிக் தட்டச்சுப் பொறியின் உட்பொறி. வசதியுள்ளவரிடம் டயாப்லோ நிறுவனத்தின் டெய்சிச் சில்லு அச்சுப்பொறி. இம்மூன்றாவது, பூவிதழ்போற் பரந்த சில்லின் நுனிகளிற் பதித்த எழுத்துகளைச் செக்கனுக்கு ஏறத்தாழ 30 வீதம் தட்டியது. அலுவலகக் கடிதத்தின் தரம் அதனாற் கிடைத்தது. விலையோ கணனியின் விலையிலும் பன்மடங்கு. ஒவ்வொரு பொறிக்கும் கட்டளைக் குறிகள் வேறு. இணைக்கும் முறை வேறு. திரைப் பலகைகளும் நாடாக்களும் தட்டுகளும் அவ்வாறே வேறுபட்டன. இவ்வேறுபாடுகளுக்கு ஈடுகொடுக்க ஷ்ரேயர் தமது நிரலை 78 வடிவங்களில் எழுதவேண்டியதாயிற்று. தனியொரு கைவினைஞர் தாம் ஆக்கிய பொருளைச் சந்தையின் ஒழுங்கின்மைக்கு ஏற்ப 78 முறை வளைக்கும் இக்காட்சி, கைத்தொழில் உற்பத்திக்கும் ஆலை உற்பத்திக்கும் இடைப்பட்ட கட்டத்துக்குரியது. சில ஆண்டுகளில் அவர் அத்தொழிலிற் சலிப்புற்று விலகினார்.

பயனாளரின் கையும் இதிற் சேர்ந்திருந்தது. 1977 இல் வந்த ரி.ஆர்.எஸ்-80 கணனி, நினைவகச் சில்லொன்றின் செலவை மீதப்படுத்துவதற்காக ஆங்கிலச் சிறிய எழுத்துகளையே விட்டுவிட்டது. ‘பென்சில்’ நிரலைச் செவ்வனே பயன்படுத்த விரும்பியவர்கள் கணனியைத் திறந்து, இருந்த சில்லின் மேலே இன்னொரு சில்லைப் பற்றாசு வைத்து ஒட்டினர். உற்பத்தியாளர் செலவைக் குறைப்பதற்காக அகற்றியதைப் பயனாளர் தம் உழைப்பால் மீட்டனர். எழுத்து வடிவம் என்பது இயல்பாகக் கிடைப்பதன்று, செலவுக் கணக்கின் விளைவு என்பதை அவர்கள் தங்கள் விரல் நுனியிலே கண்டனர்.

4. ‘வேட்ஸ்ரார்’: கைவினையிலிருந்து பண்டத்துக்கு

சேமர் றூபின்ஸ்ரைன் 1978 இல் நிறுவிய மைக்றோபுறோ நிறுவனத்தின் ஆரம்ப விற்பனைப் பொருள்களிலொன்று, றொப் பார்னபி எழுதிய ‘வேட்மாஸ்ரர்’ என்னும் திருத்தி. அது எழுத்தைத் திருத்தியது, அச்சிடவில்லை. கணனிக் கடைக்காரர் அச்சிடும் வசதியும் ஒருங்கே அமைந்த நிரலையே வேண்டினர். பார்னபி பழைய திருத்தியின் மீது எழுத்தமைப்பையும் அச்சையும் கட்டியெழுப்பினார்; 1970களின் இறுதியில் வெளிவந்த ‘வேட்ஸ்ரார்’ அவ்வாறு பிறந்ததே. அச்சுச் சேர்ந்ததுதான் திருத்தி என்னும் கருவியைச் சொற்செயலி என்னும் பண்டமாக்கியது எனக் கூறின் தவறாகாது.

‘வேட்ஸ்ரார்’ இரு மரபுகளை இணைத்தது. ஒன்று, வரி முறிவும் பக்க முறிவும் எழுதும்போதே திரையிற் தோன்றும் முறை. மற்றையது, றன்ஓவ் வழிவந்த புள்ளிக் கட்டளை: பக்க நீளம், மேல் விளிம்பு, தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு முதலியன வரித் தொடக்கத்துப் புள்ளியினாலேயே குறிக்கப்பட்டன. தடித்த எழுத்து, அடிக்கோடு ஆகியவற்றுக்கு மறைகுறிகள் இருந்தன. டெய்சிச் சில்லினாற் தடித்த எழுத்தை எவ்வாறு ஆக்குவது? ஒரே எழுத்தை அதே இடத்தில் மீண்டும் தட்டுவதனாலேயே. பழைய தட்டெழுத்தாளரின் உபாயத்தைப் பொறி அப்படியே கற்றுக்கொண்டது.

ஷ்ரேயரின் 78 வடிவப் பிரச்சினைக்கு ‘வேட்ஸ்ரார்’ கண்ட தீர்வு வேறு. ஒரே நிரல், அதனுடன் ‘நிறுவும்’ நிரலொன்று. வாங்கியவர் தமது திரையையும் அச்சுப்பொறியையும் பட்டியலிலிருந்து தெரிவார். பட்டியலில் இல்லையெனின், நிரலினுள்ளே ஒதுக்கப்பட்ட இடங்களில் உரிய குறிகளைத் தாமே எழுதிக்கொள்வார். இது நுட்பமான முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. கூடவே, பொருத்தும் உழைப்பு ஆக்கியவரிடமிருந்து வாங்கியவருக்கு மாற்றப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. ஆர்வலர் இன்பமாகச் செய்த வேலை, அலுவலக எழுதுவினைஞருக்குக் கூலியில்லா மேலதிக வேலையாயிற்று. 1981 இல், அதே பெல்சன்ஸ்ரைன் வடிவமைத்த ஒஸ்போண்-1 என்னும் கொண்டுசெல்லத்தக்க கணனி, ‘வேட்ஸ்ரார்’ உட்பட்ட நிரல்களுடன் 1,795 டொலருக்கு விற்கப்பட்டது. இசைத்தட்டுக் கடை வாயிலிற் பொதுவில் வைக்கப்பட்ட முனையத்திலிருந்து தனியுடைமைப் பெட்டிவரை எட்டு ஆண்டுகள்.

5. யாருடைய திறன்?

பொழுதுபோக்கு ஆர்வலரின் நிரல்களை வீரகதையாகக் கூறுவோர், அதே காலத்தில் அச்சகங்களில் நிகழ்ந்ததைக் குறிப்பிடுவதில்லை. 1962 டிசெம்பர் தொடக்கம் 1963 மார்ச் முடிய நியூயோர்க் அச்சுத் தொழிலாளர் 114 நாள் வேலைநிறுத்தஞ் செய்தனர். தானியக்கம் அதன் முக்கிய பிரச்சினைகளுள் ஒன்று. சாம்சனின் ஓரச்சமன் நிரல் அவ்வாண்டுக்குரியதே. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயின் வரலாற்றின் ஒரே அசைவு இரு இடங்களில் வெளிப்பட்டது எனலாம். 1974 இல் நியூயோர்க்கின் ஆறாம் இலக்கத் தொழிற்சங்கக் கிளை, வாழ்நாள் வேலை உத்தரவாதத்தைப் பெற்றுப் புதிய பொறிகளுக்கு உடன்பட்டது. 1978 யூலையில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை ஈய அச்சுக்கோப்பைக் கைவிட்டது. இலண்டன் ‘ரைம்ஸ்’ 1978 டிசெம்பரிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு வெளிவராது நின்றதும், 1986 இல் வாப்பிங் பிணக்கிலே ஏறத்தாழ ஆறாயிரம் தொழிலாளர் வேலையிழந்ததும் இதன் தொடர்ச்சியே.

ஹரி பிறேவர்மன் 1974 இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூல், முதலாளித்துவத்தின் கீழ்ப் பொறி எவ்வாறு திட்டமிடுதலையும் செய்தலையும் பிரித்து, திறனை உழைப்பாளரிடமிருந்து பறிக்கிறது என்பதை அலுவலக வேலைக்கும் விரித்துக் காட்டியது. ஐ.பி.எம். 1964 இல் விற்பனைக்குவிட்ட காந்த நாடாத் தட்டச்சுப் பொறியும், 1970களில் அமைந்த ‘சொற்செயலாக்க நிலையங்களும்’ அவரது கூற்றுக்குச் சான்றாவன. அந்நிலையங்களிற் தட்டெழுத்தாளரான பெண்கள் தனி அலுவலர்களின் மேசைகளிலிருந்து பிரிக்கப்பட்டு, ஓரிடத்திற் திரட்டப்பட்டு, அவர்களின் விசை அடிகள் அளவிடப்பட்டன.

ஆயின் ஆர்வலரின் நிரல் இக்கூற்றுக்கு முற்றாகப் பொருந்துவதில்லை. அங்கு திட்டமிடுதலும் செய்தலும் பிரியவில்லை, மாறாக ஒன்றுசேர்ந்தன. எழுதியவரே அமைத்தார், அமைத்தவரே அச்சிட்டார். பிரிந்திருந்த உழைப்பு ஒருவர் கையில் மீண்டது உண்மை. யாருடைய கையில் என்று கேட்கும்போதே முரண்பாடு புலனாகிறது. கழகங்களிற் கூடியோர் பெரும்பாலும் வேதனமுள்ள ஆண்கள். தட்டெழுத்தாளர் பெரும்பாலும் பெண்கள். அச்சுக்கோப்பாளர் சங்கம் அமைத்த தொழிலாளர். முதற் குழுவின் விடுதலை, பின்னைய இரு குழுவினரின் திறன் நிரலாக உறைந்ததனாற் சாத்தியமாயிற்று. பேரம் பேசும் வலு இருந்த இடத்திலே தொழிலாளர் இழப்பீடு பெற்றனர். வலு முறிக்கப்பட்ட இடத்தில் வீதிக்கு வந்தனர். நிரல் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே விளைவை நிர்ணயித்தது பொறியன்று; வர்க்கங்களின் பலாபலமே. தொழில்நுட்ப நிர்ணயவாதத்தைக் கண்டித்து றேமண்ட் வில்லியம்ஸ் 1974 இற் தொலைக்காட்சி பற்றிக் கூறியது எழுதுகருவிக்கும் பொருந்துவதாகும்.

6. உடைமைப் பிரச்சினை

1976 பெப்ருவரி 3 ஆந் திகதியிட்டு பில் கேற்ஸ் ஆர்வலருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அல்ரெயர் உரிமையாளரில் பத்து வீதத்துக்குங் குறைவானோரே தமது பேசிக் மொழி நிரலை விலைக்கு வாங்கினர் என்றும், ஏனையோர் திருடினர் என்றும், அதனை ஆக்குதற்குப் பயன்படுத்திய கணனி நேரத்தின் பெறுமதி 40,000 டொலருக்கு மேற்பட்டது என்றும் அதிற் கூறினார். அக்கணனி நேரம் ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் கணனியிலே, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியால் நடத்தப்பட்ட பொறியிலே பெறப்பட்டது என்பது கருதத்தக்கது. பொதுப் பணத்தின் மேல் நின்ற உழைப்பு தனியுடைமையாகும் கணம் அக்கடிதத்திற் பதிவாகியுள்ளது.

ஆர்வலர் பக்கத்தில் வேறொரு மரபும் இருந்தது. ‘மக்கள் கணனிக் கம்பனி’ ஏட்டைச் சார்ந்து டெனிஸ் அலிசன் முதலியோர் முன்னெடுத்த ‘சிறு பேசிக்’ முயற்சியில், நிரல் முழுவதும் ஏட்டிலேயே அச்சிடப்பட்டது. எவரும் திருத்தலாம், திருத்தியதைத் திரும்ப அனுப்பலாம். ஷ்ரேயரின் ‘பென்சில்’ தோன்றியதே இவ்வாறு பகிரப்பட்ட நிரற்றொகுதியொன்றைத் திருத்தியதன் வழியிலேதான்.

இவ்விரு மரபுகளின் மோதல் அச்சிடுதலைச் சார்ந்தே கூர்மையடைந்தது என்பது தற்செயலன்று. கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்திலே பிறையன் றீட் ஆக்கிய ‘ஸ்கிறைப்’ என்னும் எழுத்தமைப்பு நிரல், தோற்றத்தைக் குறிப்பதற்குப் பதிலாக ‘இது அத்தியாயம்’, ‘இது மேற்கோள்’ என்று பகுதியின் பணியைக் குறிக்கும் முறையை வளர்த்த சிறந்த ஆக்கம். அது நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டு, பணஞ் செலுத்தாதவரிடத்துக் குறித்த காலத்தின் பின் இயங்காதொழியும் ஏற்பாட்டுடன் வழங்கப்பட்டது. 1980 அளவில் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடமொன்று லேசர் அச்சுப்பொறியொன்றை அன்பளிப்பாகப் பெற்றது. முந்திய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் உரியவர்களுக்கு அறிவிக்கும்படி நிரலைத் திருத்தியிருந்த றிச்சர்ட் ஸ்ரோல்மன், புதிய பொறிக்கும் அவ்வாறு செய்ய முயன்றபோது மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983 செப்ரெம்பரில் அவர் அறிவித்த க்னு திட்டத்துக்கு இவ்வனுபவங்கள் உந்துதலாயின. டொனல்ட் னூத், தமது நூலின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகளின் தரங்குறைந்த தோற்றத்தாற் கவலையுற்று 1977 இற் தொடங்கிய ‘ரெக்’ நிரலை யாவருக்கும் இலவசமாகவே விட்டார். அச்சின் கடைசி அடியில், சொல் தாளில் இறங்கும் இடத்தில், யாருக்கு அதிகாரம் என்ற வினா மறைக்க முடியாதவாறு எழுகிறது.

7. எழுத்து வடிவமும் ஆதிக்கமும்

இவ்வரலாற்றில் நமக்கு நேர்த் தொடர்புள்ள ஒரு கூறு உண்டு. ஆர்வலரின் நிரல்கள் யாவும் அஸ்கி என்னும் குறியீட்டு முறையை ஆதாரமாகக் கொண்டவை. அதில் அச்சிடத்தக்க குறிகள் 95. யாவும் அமெரிக்க ஆங்கிலத் தேவைக்குரியன. டெய்சிச் சில்லோ அதனை உலோகத்திலும் பிளாஸ்ரிக்கிலும் உறைய வைத்தது: இதழில் இல்லாத எழுத்து உலகிலேயே இல்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளுள் அடக்கும் பிரச்சினையை எதிர்கொண்டார். அந்நெருக்கடியே கணனியில் மீண்டும் எழுந்தது.

புள்ளி அச்சுப்பொறி நிலையை மாற்றியது. 1980 இல் வந்த எப்சன் எம்.எக்ஸ்-80 ஒன்பது ஊசிகளாற் புள்ளியிட்டு எழுத்தை வரைந்தது. ஊசிகளைத் தனித்தனியே ஆளும் வசதி கிடைத்ததும் எவ்வடிவத்தையும் தாளிற் பதிக்கலாமென்றாயிற்று. அதனைச் செய்வது நிரலாளரின் உழைப்பையே பொறுத்தது. 1985 இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய ‘முரசு’ போன்ற முயற்சிகள் இத்தகைய திறப்பின் பின்னரே தோன்றின. பெரு நிறுவனங்கள் சந்தையில்லையென ஒதுக்கிய இடத்தில், ‘பென்சில்’ ஆக்கியவரைப் போலவே, தனியாள்கள் தம் மேசையிலிருந்து தமிழுக்கு அச்சு வழியை அமைத்தனர். அவர்களும் அதே விலையைச் செலுத்தினர்: ஒவ்வொருவரும் தத்தம் குறியீட்டை வகுத்ததால், ஒருவர் எழுதியது மற்றவர் பொறியிற் படிக்க முடியாத எழுத்துக் குவியலாயிற்று. 1991 இல் யுனிக்கோட் தமிழுக்கு இடமளித்த பின்னரும் அச்சிதறல் நீங்கப் பல்லாண்டு சென்றது. அவ்விடம் எவ்வாறு அமையவேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் தமிழ்ப் பேசும் மக்களின் பங்கு மிகச் சிறிதே.

முடிவுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, எழுத்தமைப்பும் அச்சும் ஆர்வலர் நிரல்களிற் சேர்ந்தது அறிவாளி ஒருவரின் திடீர்ச் சிந்தனையால் அன்று. ஆய்வேடும் கைந்நூலும் கடிதமும் தாமே முடிக்கவேண்டியிருந்தவர்களின் நடைமுறைத் தேவையாலேயே. இரண்டாவது, அந்நிரல்கள் வெற்றிடத்தில் எழவில்லை. தலைமுறை தலைமுறையாக அச்சுக்கோப்பாளரும் தட்டெழுத்தாளரும் திரட்டிய திறனே அவற்றின் உட்பொருள். மூன்றாவது, அத்திறன் பொதுச் சொத்தாகுமா, பண்டமாகுமா என்பதை நிரலின் இலக்கணம் தீர்மானிக்கவில்லை, போராட்டமே தீர்மானித்தது.

எனவே, எழுத்தாளர் கைக்கு அச்சுக்கூடமே வந்துவிட்டது என மகிழ்வோரும், ஈய எழுத்தோடு ஓர் உலகமே அழிந்தது என வருந்துவோரும் ஒரே தவறைச் செய்கின்றனர்; இருவரும் கருவியை மனித உறவுகளிலிருந்து பிரித்தே காண்கின்றனர். சிறு சஞ்சிகையொன்றின் பக்கத்தை இன்று திரையில் அமைக்கும் இளைஞர், வரியின் இரு ஓரமும் ஒழுங்காக நிற்பதைக் கண்டு அது பொறியின் இயல்பு என்று எண்ணக்கூடும். அது இயல்பன்று. மங்கிய விளக்கொளியில், மை படிந்த விரல்களால், இடைவெளித் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிய ஒருவரின் அறிவு அங்கு உறைந்திருக்கிறது. அவ்வறிவை அவரிடமிருந்து எடுத்தவர் யார், எவ்விலைக்கு எடுத்தனர், இன்று அதனைத் திருத்தவும் பகிரவும் உரிமை யாரிடம் உள்ளது என்று கேட்பது இலக்கிய ஆய்வின் புறத்தே நிற்கும் வேலையன்று. இலக்கியம் எத்தரையில் நிற்கிறது என்பதை அறியும் வேலையே அது.